ஊசி பயத்துக்குத் தனிச் சிகிச்சை: தென் சென்னை உளவியல் மையம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ஊசியையும் ரத்தத்தையும் கண்டால் மயங்கி விழுந்துவிடும் என் அண்ணனுக்குத் தென் சென்னையில் உள்ள ஒரு தனியார் மருத்துவ உளவியல் மையத்தில் கடந்த சில மாதங்களாகச் சிகிச்சை நடந்தது. பெரும்பாலான அமர்வுகளில் நானும் உடனிருந்தேன். மையத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. ஏனெனில் அங்கே எங்களுக்குப் பயன்பட்டது ஒரு சிகிச்சை முறை, அதைத் தகுதியுள்ள எந்த மருத்துவ உளவியலாளரிடமும் கேட்டுப் பெற முடியும். ஊசி பயம் மற்ற பயங்களிலிருந்து உடலளவிலேயே வேறுபட்டது என்பதைத் தெரிந்துவைத்திருந்து, அதற்கு உரிய பயிற்சியை முதலில் கற்றுக்கொடுத்து, பிறகு உண்மையான ஊசியின் முன் அண்ணனை உட்காரவைத்தார்கள் என்பதுதான் இந்த மையத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம்.

அண்ணனுக்கு நாற்பது வயதைத் தாண்டிய பிறகு சர்க்கரை நோய் கண்டறியப்பட்டது. மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொள்பவர், ரத்தப் பரிசோதனை என்றால் மட்டும் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போடுவார். கடைசி மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்யாமலேயே ஆண்டுகள் ஓடின. மருத்துவர் இன்சுலினைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவரிடம் போவதையே நிறுத்திவிட்டார். ‘ஆம்பளைக்கு ஊசி பயமா’ என்று உறவினர்கள் கேட்பார்கள் என்பதற்காக, வீட்டில் எவரிடமும் இதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் அப்பாவும் ரத்தத்தைப் பார்த்தால் மயங்குவார். இவ்வகைப் பயம் குடும்பங்களில் தொடர்ந்து வருவது நன்கு அறியப்பட்ட ஒன்று என்று பிறகு உளவியலாளர் சொன்னபோது, அண்ணனின் முகத்தில் தெரிந்த ஆறுதலை நான் கவனித்தேன். தன் மனத்திடத்தில் ஏதோ குறை என்று அத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தவர் அவர்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட வகைப்பாட்டில், குறிப்பிட்ட ஒரு பொருளையோ சூழலையோ சார்ந்த அச்சநோய்கள் ஐந்து பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன: விலங்குகள்; உயரம், இடி, நீர் போன்ற இயற்கைச் சூழல்கள்; ரத்தம், ஊசி, காயம்; விமானம், லிஃப்ட் போன்ற சூழ்நிலைகள்; இவற்றில் அடங்காத பிற. பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு முற்றினால்தான் அதை நோய் என்று கொள்கிறார்கள். இவற்றுள் மூன்றாவது பிரிவு மட்டும் தனி இயல்பு கொண்டது. நாயைக் கண்டு அஞ்சுபவருக்கு இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், ஏறிய நிலையிலேயே சிறிது நேரம் நிற்கும். அவர் மயங்கி விழுவது மிக அரிது. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு அஞ்சுபவருக்கு அவை முதலில் ஏறி, பிறகு சட்டென்று சரிகின்றன. இதயம் மெதுவாகிறது, ரத்தக் குழாய்கள் விரிகின்றன, மூளைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, ஆள் சாய்கிறார். இந்தப் பயம் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் இப்படி மயங்கியவர்கள்தாம்.

இந்த வேறுபாட்டை அறியாத ஒரு சிகிச்சை எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் பார்த்தோம். முதலில் சென்ற வேறோர் இடத்தில், எல்லாப் பதற்றத்துக்கும் சொல்லித்தரும் ஆழ்ந்த மூச்சுப் பயிற்சியையும் உடலைத் தளர்த்தும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்து, ரத்தம் எடுக்கும்போது அதையே செய்யும்படி சொல்லியனுப்பினார்கள். லிஃப்டுக்கு அஞ்சுபவருக்கு அது உதவியிருக்கலாம். ரத்த அழுத்தம் சரிவதால் மயங்குபவரை மேலும் தளரச் சொல்வது அந்தச் சரிவுக்கே துணைபோகும். அண்ணன் அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றிப் பரிசோதனைக்கூடத்தில் மயங்கினார்; அதன்பின் எந்தச் சிகிச்சையின் மீதும் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போனது. அங்கே புரோப்ரனலால் மாத்திரையைப் பற்றியும் பேச்சு வந்தது. மேடைப் பதற்றம் உள்ளவர்களுக்குப் பல இடங்களில் எழுதித்தரப்படும் மாத்திரை அது. ஆனால் அது இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும். அதைவிட முக்கியமாக, இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழும்போது எச்சரிக்கையாக வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடக்கூடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அது ஆகாது. அண்ணனைப் போன்ற ஒருவருக்கு அந்த மாத்திரையைத் தருவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இப்போது நான் மதிப்பிடும் மையத்தில் முதல் அமர்வு முழுவதும் கேள்விகளாகவே கழிந்தது. எதைப் பார்த்தால் பயம் வருகிறது, ஊசியின் முனையா, ரத்தத்தின் நிறமா, ஸ்பிரிட் பஞ்சின் வாசனையா, மயங்குவதற்கு முன் காது அடைக்கிறதா, வியர்க்கிறதா, இதயக் கோளாறோ உயர் ரத்த அழுத்தமோ உண்டா என்று உளவியலாளர் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். “எதுக்கு சார் அதிகமா பயப்படறீங்க, வலிக்கா?” என்று அவர் கேட்டதற்கு அண்ணன், “வலிக்கு இல்ல மேடம். எல்லார் முன்னாடியும் விழுந்துடுவேனோன்னுதான் பயம்” என்றார். அந்த ஒரு பதிலை வைத்தே சிகிச்சையின் வரிசையை அவர் அமைத்தார்: முதலில் தசைகளை இறுக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றி மயக்கத்தைத் தடுக்கும் பயிற்சி, அதன் பிறகே ஊசி. தொடங்குவதற்கு முன், சர்க்கரை நோய் மருத்துவரிடமிருந்து இந்தப் பயிற்சிக்குத் தடையில்லை என்று ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இதய நோய் உள்ளவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

தசைகளை இறுக்கும் அந்தப் பயிற்சியை 1980களில் சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் தம் குழுவினருடன் வகுத்து ஆராய்ந்தார். அது மிக எளிமையானது. ஆனால் சரியாகச் செய்ய வேண்டியது. நாற்காலியில் உட்கார்ந்து கைகள், கால்கள், வயிறு ஆகியவற்றின் தசைகளை ஒருசேர இறுக்கி, முகத்தில் வெதுவெதுப்பு ஏறுவதை உணரும்வரை 10 முதல் 15 வினாடிகள் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிறகு இறுக்கத்தை விட்டு 20 முதல் 30 வினாடிகள் இயல்பாக இருக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. இறுக்கத்தை விடும்போது தொய்ந்து சாய்ந்துவிடக் கூடாது, இறுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளவும் கூடாது. இவ்விரண்டையும் அண்ணன் செய்தபோதெல்லாம் உளவியலாளர் உடனே நிறுத்தித் திருத்தினார். மின்னணு ரத்த அழுத்தமானியைக் கையில் கட்டி, இறுக்குவதற்கு முன்னும் பின்னும் எண்களைக் காட்டியதுதான் அன்றைய அமர்வில் மிகவும் பயனுள்ள செயல். தன் உடல் தன் சொல்லைக் கேட்கிறது என்பதை எண்களாகப் பார்த்த பிறகு, வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை பயிற்சி செய்யும்படி எவரும் அவரை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு நுணுக்கத்தையும் அங்கே கற்றுக்கொண்டோம். ரத்தம் எடுக்கும் கையை இறுக்கினால் ஊசி ஏறுவது கடினம், வலியும் கூடும். ஆகவே அந்தக் கையை மட்டும் துவளவிட்டு, மற்றக் கையையும் கால்களையும் வயிற்றையும் இறுக்கப் பழக வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதற்குத்தான் அண்ணனுக்கு அதிக நாள் பிடித்தது. பழகாமல் நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தால் அங்கே இது கைகூடியிருக்காது.

அடுத்து வந்தது பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் சிகிச்சை. இதன் வேர் மிகப் பழையது. முயலுக்கு அஞ்சிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவன் பயத்தைப் போக்கியதை, அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1950களில் அதை ஒழுங்கான சிகிச்சை முறையாக வளர்த்தெடுத்தார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் கொடுக்கும் அளவுகோலும் அவருடையதே. அண்ணனும் உளவியலாளரும் சேர்ந்து எழுதிய பட்டியலில் சிரிஞ்சின் படம் கீழே இருந்தது. அதன் மேல் ரத்தம் எடுக்கும் காணொளி, ஸ்பிரிட் வாசனை, மூடியிட்ட சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது, கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொள்வது, ஊசியைத் தோலின் மீது குத்தாமல் வைப்பது, விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பது, இன்னொருவருக்கு ரத்தம் எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது என்று ஏறி, உச்சியில் தன் நரம்பிலிருந்து ரத்தம் எடுக்கக் கொடுப்பது இருந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு அவர் கொடுத்த மதிப்பெண் காணொளிக்குக் கொடுத்ததைவிட அதிகம். படத்தையும் காணொளியையும் மட்டும் காட்டி முடித்துவிடும் இடங்களில் இது ஒருபோதும் தெரியவந்திருக்காது.

ஒவ்வொரு படியிலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும் என்பது விதி. கண்ணை மூடிக்கொள்வதும், என் கையைப் பிடித்துக்கொள்வதும், அந்த நேரத்தில் வேறு எதையாவது பேசுவதும் அந்தக் கணத்தைக் கடத்த உதவும். ஆனால் பயம் உள்ளே அப்படியே தங்கிவிடும். ‘கண்ணை மூடிக்கொண்டதால்தான் தப்பித்தேன்’ என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்ளும். தொடக்கத்தில் கையைப் பிடிக்க என்னை அனுமதித்த உளவியலாளர், பிறகு என்னை அறையின் மறு ஓரத்தில் உட்காரச் சொன்னார். ஒரு தங்கைக்கு அது எளிதாக இல்லை என்றாலும், அவர் செய்தது சரி. ஒரு படியில் மதிப்பெண் நன்றாக இறங்கி, அண்ணனே ‘அடுத்ததுக்குப் போகலாம்’ என்று சொல்லும்வரை அவர் முன்னே தள்ளவில்லை. முன்கூட்டியே சொல்லாமல் எந்த ஊசியையும் எடுத்துக் காட்டவுமில்லை. ‘திடீர்னு ஒரு தடவை போட்டுட்டா பயம் போயிடும்’ என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. அது பயத்தை ஆழமாக்குவதற்கான வழி.

ஒரே அமர்வில், மூன்று மணி நேரம் வரை தொடர்ந்து, இந்தப் படிகளைக் கடக்கவைக்கும் முறையும் உண்டு. 1989இல் ஓஸ்ட் அதை விவரித்தார். சிலந்தி, பாம்பு போன்ற பயங்களுக்கு அது பெரிதும் பயன்படுகிறது. அண்ணனுக்கு மயங்கும் இயல்பு இருப்பதால் பல அமர்வுகளாகப் பிரித்துச் செய்வதே நல்லது என்று மையம் முடிவெடுத்தது. எங்களுக்கு அது பொருந்தியது. விடுப்பு கிடைக்காதவர்கள் நீண்ட ஒரே அமர்வு சாத்தியமா என்று கேட்டுப்பார்க்கலாம்.

இறுதிப் படி மையத்தின் அருகில் உள்ள ஒரு பரிசோதனைக்கூடத்தில் நடந்தது. உளவியலாளர் உடன் வந்தார். ரத்தம் எடுப்பவரிடம், “சாருக்கு முன்ன மயக்கம் வந்திருக்கு, படுக்க வச்சே எடுத்துடுங்க. எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு எடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் இடது கையைத் துவளவிட்டு, வலது கையையும் கால்களையும் இறுக்கியபடி, குழாயில் ரத்தம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்தது, ஆனால் மயங்கவில்லை. எடுத்து முடித்ததும் உடனே எழாமல் சற்று நேரம் படுத்திருக்கச் செய்தார்கள். அதன் பிறகு வேறு பரிசோதனைக்கூடங்களில், வேறு ஆட்களிடம், ஒருமுறை உட்கார்ந்த நிலையில், ஒருமுறை உளவியலாளர் உடன் வராமல் என்று சூழலை மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னார்கள். ஓரிடத்தில் அடங்கிய பயம் வேறோர் இடத்தில் திரும்ப எழுவது இயல்பு என்பதால் இந்த மாற்றங்கள் அவசியம். பல மையங்கள் முதல் வெற்றியோடு நிறுத்திவிடும் இடத்தில் இவர்கள் தொடர்ந்ததை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிகிச்சையோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சில நடைமுறைத் துணைகளும் உதவின. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனைக்குத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு பலர் வறண்ட உடம்போடு போய் மயங்குகிறார்கள். வெறும் தண்ணீருக்குத் தடையில்லை. முன்னதாக இரண்டு கோப்பைத் தண்ணீர் குடிப்பது மயக்கத்தைத் தடுக்க உண்மையிலேயே உதவும். லிடோகெயினும் பிரைலோகெயினும் கலந்த மரப்புக் களிம்பைத் தடவி, மேலே ஒட்டுப்படலம் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துப்போகும். வலிக்காக அஞ்சும் குழந்தைகளுக்கு அது நல்லது. மயக்கத்துக்காக அஞ்சிய அண்ணனுக்கு அதனால் பெரிய மாற்றம் தெரியவில்லை. இன்சுலின் என்றதும் அவர் கற்பனை செய்திருந்தது பழைய காலத்துப் பெரிய சிரிஞ்சு. 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள இன்சுலின் பேனா ஊசியை உள்ளங்கையில் வைத்துக் காட்டியதும் அந்தக் கற்பனையில் பாதி கரைந்துபோனது.

குறைகளும் உண்டு. மெய்நிகர்க் காட்சிக் கண்ணாடியை வைத்து ஒரு தனி அமர்வை மையம் கூடுதல் கட்டணத்தில் பரிந்துரைத்தது. விமானம், உயரம் போன்ற பயங்களுக்கு அந்தக் கருவி நல்ல வழி, ஏனெனில் விமானத்தை அறைக்குள் கொண்டுவர முடியாது. பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் சிரிஞ்சு மேசை மீது இருக்கும்போது ஊசி பயத்துக்கு அது தேவையில்லை. அதில் ஓடிய காட்சியும் ஏதோ வெளிநாட்டு மருத்துவமனை. எங்கள் தெருமுனைப் பரிசோதனைக்கூடத்தின் நெரிசலும் டோக்கன் அழைப்பும் வாசனையும் அதில் இல்லை. வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்த தாள்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. தமிழில் நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அண்ணன் பயன்படுத்தினார். சென்னையில் நடத்தும் ஒரு மையத்துக்கு இது பெருங்குறை, எளிதில் நீக்கக்கூடிய குறையும்கூட. மாலை நேர அமர்வுகள் குறைவு என்பதால் வேலைக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

ஓர் அமர்வுக்கான கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமைதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்களுக்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்களுக்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆயினும் புறநோயாளிக் கட்டணத்தை ஏற்காத பாலிசிகளில் இத்தகைய அமர்வுகளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. செலவைத் தாங்க முடியாதவர்கள் கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவையோ தங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ அணுகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.

முன்பதிவு செய்வதற்கு முன் எந்த மையத்தையும் தொலைபேசியில் சில கேள்விகள் கேளுங்கள். சிகிச்சை அளிப்பவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா? மயக்கம் வரும் ஊசி பயத்துக்குத் தசை இறுக்கப் பயிற்சி கற்றுத்தருவீர்களா? உண்மையான ஊசியோடு பயிற்சி நடக்குமா, அதற்குப் பரிசோதனைக்கூடத்துக்கு உடன் வருவீர்களா? இடைவெளி விட்டுப் பயம் திரும்பினால் மறுபடி ஓர் அமர்வுக்கு வரலாமா? எங்கள் மையம் இவை அனைத்துக்கும் ஆம் என்றது. எச்பிஏ1சி பரிசோதனைக்கு உரிய மூன்று மாதக் கெடு வரும்போதெல்லாம், முந்தைய வாரத்திலேயே தசைப் பயிற்சியை மீண்டும் தொடங்கச் சொல்லி அண்ணனுக்குக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறது.